விளாவினால் இதம் வருமா?

"மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள் உடலைக் குளிர வைத்து ஆளை அசையாமல் படுக்கப் போடும். கோகெய்ன், மெத்தம்பெட்டமைன் போன்ற ஊக்கிகள் உடலைச் சூடாக்கி ஓட வைக்கும். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி நடுவில் வந்து நிற்க வேண்டாமா? பிறகு ஏன் இந்தச் சேர்க்கையில் இத்தனை பேர் சாகிறார்கள்?" மருந்தியல் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது.

வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். படிக்கிற காலத்தில் எனக்கும் தோன்றியது. ஆனால் கேள்வியின் முதல் இரண்டு வாக்கியங்களே பாதிதான் சரி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் காலத்தில் விலங்குகளை வைத்துச் செய்முறை வகுப்பு நடக்கும். வெள்ளைச் சுண்டெலி ஒன்றுக்கு மார்ஃபின் ஊசி போட்டு ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் விட்டார்கள். மார்ஃபின் ஆயிற்றே, சுருண்டு தூங்கப்போகிறது என்று சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அதன் வால் கம்பி மாதிரி விறைத்து, முதுகுக்கு மேலே கொக்கிபோல வளைந்து நின்றது. அப்புறம் ஜாடியின் ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தது. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம், நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்ற நண்பன், "ஊசியை மாற்றிப் போட்டுட்டாங்களா?" என்று என் காதில் கேட்டான். மாற்றிப் போடவில்லை. வால்டர் ஷ்ட்ராப் என்ற ஜெர்மானிய மருந்தியலாளர் 1911-இல் எழுதிவைத்த விஷயம் அது. சுண்டெலியின் வால் வளைவதை வைத்தே மார்ஃபின் இருக்கிறதா என்று கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது.

அதே மார்ஃபினைப் பெரிய எலிக்கு அதிக அளவில் கொடுத்தால் முதலில் மரக்கட்டையாகிவிடும். முன்னங்கால்களைத் தூக்கி ஒரு கம்பியின் மேல் வைத்தால், வைத்தபடியே நிற்கும். சில மணி நேரம் கழித்து அதே எலி எழுந்து கூண்டைச் சுற்றி ஓடும். பூனைக்கு அளவு மீறினால் வெறி பிடித்ததுபோல் ஆகும். குதிரை நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கும். மனிதன்தான் பெரும்பாலும் கண்ணைச் சொருகுகிறான். ஆகவே 'ஓபியாய்டு என்றால் அசையாமல் கிடப்பது' என்பது நம் இனத்தை மட்டும் பார்த்து நாம் போட்டுக்கொண்ட கணக்கு.

ஏன் ஓடுகிறது? நடுமூளையில் டோபமின் என்ற, அசைவைத் தூண்டும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைக்கக் காவல்காரர் மாதிரி வேறு சில அணுக்கள் உண்டு. ஓபியாய்டு, டோபமின் அணுவை நேராகத் தட்டி எழுப்புவதில்லை. காவல்காரரைத் தூங்க வைத்துவிடுகிறது. தடுக்க ஆளில்லாததால் டோபமின் தாராளமாக வெளியே வருகிறது. கோகெய்ன் வேலை செய்யும் இடம் வேறு. வெளியே வந்த டோபமினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாசலை அது அடைக்கிறது. ஆம்ஃபெட்டமைன் வகைகள் அதற்கும் ஒரு படி மேலே போய், அந்த வாசல் வழியாகவே டோபமினை வெளியே தள்ளுகின்றன.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் தொட்டிக்குக் குழாயைத் திறந்துவிடுகிறார், இன்னொருவர் தண்ணீர் போகும் ஓட்டையில் துணியைச் செருகுகிறார். தொட்டி வழியத்தானே செய்யும்? எலிகளின் மூளையில் டோபமினை அளந்தபோது கோகெய்னும் ஹெராயினும் சேர்ந்து ஏற்றிய அளவு, இரண்டின் தனித்தனி அளவுகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தது. நடமாட்டத்திலும் இதே கதைதான். தனியாகக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் செய்யாத சிறு அளவு மார்ஃபினையும் சிறு அளவு ஆம்ஃபெட்டமைனையும் சேர்த்துக் கொடுத்தால் விலங்கு தாறுமாறாக ஓடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. சில நாள் விட்டு விட்டு மார்ஃபின் மட்டும் கொடுத்து நிறுத்திய எலிக்குப் பிறகு ஆம்ஃபெட்டமைன் கொடுத்தால், மார்ஃபினையே பார்க்காத எலியைவிட அதிகமாக ஓடுகிறது. ஒன்றின் பழக்கம் மற்றதற்கு மூளையைத் தயார்செய்து வைத்துவிடுகிறது.

இதை வைத்து 'அளவு கூடக் கூட ஓட்டமும் கூடும்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆம்ஃபெட்டமைன் அளவு ஏறினால் எலி ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரே மூலையில் நின்று முகர்ந்துகொண்டே, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அசைவை எண்ணும் கருவி 'ஓட்டம் குறைந்தது' என்று காட்டும். எலியைக் கண்ணால் பார்த்தவனுக்குத்தான் அது அமைதியில்லை என்று தெரியும். ஓபியாய்டு அளவு ஏறினால் தசைகள் இறுகும். ஃபென்டானில் என்ற ஓபியாய்டை வேகமாக நரம்பில் ஏற்றினால் மார்புத் தசைகள் பலகைபோல் விறைத்து, முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினாலும் உள்ளே போகாத நிலை வரும். மயக்க மருத்துவர்களுக்கு இது பழக்கமான தொல்லை.

சரி, வெப்பத்துக்கு வருவோம்.

உடலின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்வது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் முன்பகுதி. குளிர்ந்தால் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், நடுங்க வைக்கும். சூடேறினால் குழாய்களை விரிக்கும், வியர்க்க வைக்கும். ஓபியாய்டுகள் இந்த இடத்திலேயே கை வைக்கின்றன. எலிகளில் மிதமான அளவு மார்ஃபின் உடல் வெப்பத்தைக் குறைப்பதில்லை, ஏற்றுகிறது. அளவு மிக அதிகமானால்தான் இறக்குகிறது. ஓபியாய்டு போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் மியூ வகை வெப்பத்தை ஏற்றும் பக்கம், கப்பா வகை இறக்கும் பக்கம் என்று பொதுவாகச் சொல்லலாம். அதைவிட எனக்குப் பிடித்த தகவல் ஒன்று: கூண்டில் சுதந்திரமாக உலவும் எலிக்கு வெப்பத்தை ஏற்றுகிற அதே அளவு மார்ஃபின், அசைய முடியாமல் குழாய்க்குள் அடைத்து வைத்த எலிக்கு வெப்பத்தை இறக்கிவிடுகிறது. மருந்தும் அளவும் அதேதான், கட்டிப்போட்டதுதான் வித்தியாசம். பழைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மனிதர்களில் ஓபியாய்டு என்ன செய்கிறது என்று பார்க்க அறுவை அரங்கை ஒட்டியிருக்கும் மீட்பு அறைக்குப் போனால் போதும். முதுகில் மயக்க ஊசி போட்டுச் சிசேரியன் முடிந்து வந்த பெண், பல் கிட்டிக்க, கட்டிலே ஆடும்படி நடுங்குவார். இரண்டு கம்பளி போர்த்தினாலும் நிற்காது. பெத்திடின் என்ற ஓபியாய்டை 25 மில்லிகிராம் நரம்பில் போடுவார்கள். சில நிமிடங்களில் நடுக்கம் அடங்கிவிடும். பெத்திடின் அவரைச் சூடாக்கவில்லை. 'இதற்குக் கீழே போனால் நடுங்கு' என்று மூளை வைத்திருக்கும் கோட்டைக் கீழே இறக்கிவிட்டது, அவ்வளவுதான். ஓபியாய்டுகள் பொதுவாக அந்தக் கோட்டை இறக்கும், வியர்க்கும் கோட்டைக் கொஞ்சம் ஏற்றும். அதாவது வெப்பம் இப்படியும் அப்படியும் ஊசலாட உடல் பேசாமல் விட்டுக்கொடுக்கும் இடைவெளி அகலமாகிறது. குளிரில் கிடந்தால் குளிர்ந்துபோவார், சூட்டில் கிடந்தால்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊக்கிகள் சூடாக்குவது மூன்று வழிகளில். தசைகள் ஓயாமல் வேலை செய்வதால் வெப்பம் உற்பத்தியாகிறது. ஊக்கிகள் ஏற்றிவிடும் நார்அட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருள் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் போகிறது. மூன்றாவதுதான் மோசமானது: சூடு ஏறுவதே உறைப்பதில்லை. ஆரோக்கியமானவர்களுக்குச் சிறு அளவு கோகெய்ன் கொடுத்து, வெந்நீர் ஓடும் உடையைப் போர்த்திச் சூடேற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. வியர்வை தாமதமாகத் தொடங்கியது, தோலுக்கு ரத்தம் வருவதும் தாமதமானது, புழுக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் அவ்வளவாக இல்லை என்றார்கள். புழுங்கினால் மனிதன் நிழலுக்குப் போவான், சட்டையைக் கழற்றுவான். புழுக்கமே தெரியாதவன் எங்கே போவான்?

அதனால் சுற்றியிருக்கும் வெப்பம் இந்தக் கதையில் மூன்றாவது மருந்து மாதிரி. நியூயார்க் நகரின் கோகெய்ன் சாவுகளை வானிலைப் பதிவோடு ஒப்பிட்டு 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. அதிகபட்ச வெப்பம் 31.1 டிகிரி செல்சியஸைத் தொட்ட நாட்களில், அளவு மீறிய கோகெய்னால் இறந்தவர்களின் தினசரிச் சராசரி 33 சதவீதம் கூடியிருந்தது. 31 டிகிரி அங்கே கடும் வெயில்; சென்னையில் அது சாதாரண நாள். எலிகளிலும் இப்படித்தான்: எக்ஸ்டசி என்கிற எம்டிஎம்ஏ-வை 20 டிகிரி அறையில் கொடுத்தால் உடல் வெப்பம் இறங்குகிறது, 28, 30 டிகிரி அறையில் அதே அளவு வெப்பத்தை ஏற்றுகிறது. கூட்டமும் ஒரு காரணம். தனியாக இருக்கும் சுண்டெலி தாங்குகிற ஆம்ஃபெட்டமைன் அளவு, நெருக்கமாக அடைத்த கூண்டில் பல எலிகளைக் கொன்றுவிடும் என்பது 1940களிலேயே தெரிந்த விஷயம்.

இனி சேர்க்கை. இரண்டும் சிறு அளவென்றால் விலங்குகளில் இரண்டுமே வெப்பத்தை ஏற்றும் பக்கம்தான்; ஈடுகட்டல் என்ற பேச்சே இல்லை. ஓபியாய்டு அளவு அதிகமென்றால் மூச்சு குறைகிறது, அசைவு அடங்குகிறது, உடல் குளிரத் தொடங்குகிறது. ஊக்கி அதே நேரத்தில் தோலை மூடி வைத்திருக்கிறது. அப்புறம் எந்தப் பக்கம் போகும் என்பதை அறை தீர்மானிக்கும். குளிர்சாதன அறையின் தரையில் கிடந்தால் ஒன்று, தகரக்கூரைக்குக் கீழே கிடந்தால் இன்னொன்று. எலிகளின் மூளையிலும் தசையிலும் தோலிலும் தனித்தனியே நுண்ணிய வெப்ப உணரிகளைப் பொருத்திப் பார்த்தால், கோகெய்ன் ஏறியதும் மூளை சூடாகிற அதே நேரத்தில் தோல் குளிர்வது தெரிகிறது. 'உடல் வெப்பம்' என்று ஒரே எண்ணைச் சொல்வதே இங்கே கொஞ்சம் பொய்.

ஈடுகட்டுவதுபோல் தெரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒன்று மற்றதன் அடையாளத்தை மறைக்கிறது. கோகெய்ன் தரும் விழிப்பில் ஓபியாய்டின் சொக்கல் தெரியாது. ஓபியாய்டு தரும் சாந்தத்தில் கோகெய்னின் படபடப்பு தெரியாது. அதனால் இரண்டையுமே கூட எடுக்கத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. கோகெய்ன் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. ஹெராயின் உடலுக்குள் மார்ஃபினாக மாறிப் பல மணி நேரம் இருக்கும். விழிக்க வைத்தது போய்விட, மூச்சை அமுக்குவது தங்கிவிடும். ஜான் பெலுஷி என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர் 1982 மார்ச் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் விடுதி அறையில் இறந்துகிடந்தது இந்த இரண்டின் கலவையால்தான்.

இப்போதைய கலவையில் வரிசை தலைகீழ். ஃபென்டானில் சீக்கிரம் இறங்கும். மெத்தம்பெட்டமைன் பாதியாகவே சுமார் 10 மணி நேரமாகும். முதல் கண்டம் மூச்சில், அதைத் தாண்டினால் அடுத்த கண்டம் சூட்டில். அமெரிக்காவில் அளவு மீறிய போதைச் சாவுகளில் ஃபென்டானிலும் ஊக்கியும் சேர்ந்து காணப்பட்டவை 2010-இல் 0.6 சதவீதம், 2021-இல் 32.3 சதவீதம்.

இந்த இரண்டு மருந்துகளும் மருத்துவத்தில் கைகோத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். லண்டனில் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு மார்ஃபினோ ஹெராயினோ கோகெய்னோடும் மதுவோடும் கலந்த ஒரு திரவம் கொடுத்து வந்தார்கள். பிராம்ப்டன் கலவை என்று பெயர். 1970களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது கோகெய்னை எடுத்துவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதோடு அந்தக் கலவை வழக்கொழிந்தது. ஆனால் 1977-இல் அறுவை முடிந்த 450 பேரிடம் நடந்த ஆய்வில், 10 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் சேர்த்தபோது மார்ஃபினின் வலி நீக்கும் திறன் இரட்டிப்பானது. தூக்கக் கலக்கமும் குறைந்தது. ஆக, இரண்டும் எதிரெதிர் என்றால் வலி நீக்கமும் குறைந்திருக்க வேண்டும், கூடியல்லவா இருக்கிறது!

இதுவரை டோபமினைப் பற்றியே பேசிவிட்டேன். சூட்டுக்கும் அசைவுக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள். எல்லா ஓபியாய்டும் ஒரே குணமல்ல. பெத்திடின், டிரமடால் போன்றவை மியூ ஏற்பியைத் தொடுவதோடு செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். மார்ஃபினுக்கு அந்த வேலை கிடையாது. எம்டிஎம்ஏ, ஆம்ஃபெட்டமைன், கோகெய்ன், மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் வேறு வழிகளில் செரட்டோனினை ஏற்றுகின்றன. இவை சந்தித்தால் கை நடுங்கும், கால் தசைகள் துடிக்கும், வியர்வை கொட்டும், சூடு ஏறும்.

லிபி சயான் என்ற 18 வயது மாணவி 1984 மார்ச் 4 இரவு காய்ச்சலோடும் விசித்திரமான துடிப்புகளோடும் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைக்கு வந்தார். மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் சாப்பிட்டு வந்தவர். அந்த மருந்து, செரட்டோனினைச் சிதைக்கும் நொதியையே முடக்குவது. நடுக்கத்தை அடக்க அவருக்குக் கொடுக்கப்பட்டது பெத்திடின். அளவைக் கவனியுங்கள்: 25 மில்லிகிராம். மீட்பு அறையில் நடுக்கத்தை நிறுத்துகிற அதே மருந்து, அதே அளவு. அவர் இன்னும் துள்ளத் தொடங்கினார். கட்டிலோடு கட்டினார்கள். விடியற்காலையில் வெப்பத்தை அளந்தபோது 107 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தது. குளிர்விக்க முயன்றார்கள், இதயம் நின்றுபோனது. அவர் உடலில் கோகெய்னும் இருந்ததா என்று நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வாதாடினார்கள். பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1989-இல் கொண்டுவந்த விதிக்கு இந்த மரணம்தான் காரணம். ஆனால் மருந்தியல் வகுப்பில் நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. கட்டிப்போட்ட உடல் கட்டை எதிர்த்துத் திமிறும். திமிறத் திமிறத் தசை சூடாகும். எலியைக் குழாய்க்குள் அடைத்ததும் ஆளைக் கட்டிலில் கட்டியதும் வெப்பக் கணக்கை மாற்றுகின்றன, எதிரெதிர் திசைகளில்.

நம் ஊர்ச் செய்திகளில் அடிபடும் டேபென்டடால் பற்றியும் ஒரு வரி. தமிழ்நாட்டில் இளைஞர்கள் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வதாக அடிக்கடி வரும் 'வலி நிவாரணி மாத்திரை' பெரும்பாலும் இதுதான். இது ஓபியாய்டாகவும் வேலை செய்யும், நார்அட்ரினலின் திரும்ப உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். ஒரே மாத்திரைக்குள் ஓபியாய்டோடு ஊக்கியின் சாயலும் இருக்கிறது. அதன் மேல் மெத்தம்பெட்டமைனும் சேர்ந்தால் நார்அட்ரினலின் இரண்டு பக்கமிருந்தும் ஏறும்.

கடைசியாக, தம்பி நாளை அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கப்போகிறவர் என்பதால் இது. மூச்சு மந்தமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி ஒருவர் வந்தால் நாலாக்சோன் கொடுப்பீர்கள், கொடுக்கத்தான் வேண்டும், மூச்சு முதலில். ஆனால் கலவை எடுத்தவரென்றால் கண்மணி சுருங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாலாக்சோன் ஓபியாய்டை மட்டும்தான் ஏற்பியிலிருந்து விலக்கும், ஊக்கியைத் தொடாது. அதுவரை அமுங்கிக் கிடந்த ஊக்கி அப்போதுதான் தலைதூக்கும். ஆள் எழுந்து கட்டிலை உடைப்பார், சூடு ஏறும். பாராசிட்டமால் போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. இது கிருமியால் வந்த காய்ச்சலைப்போல் ஹைப்போதலாமஸின் இலக்கு ஏறியதால் வந்ததில்லை, தசையில் உற்பத்தியாகி வெளியேற வழியில்லாத சூடு. டயசிபாம், லோரசிபாம் வகை மருந்தால் தசையை அடக்கி, ஐஸும் தண்ணீரும் காற்றாடியும் வைத்து உடனே குளிர்விக்க வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்த்து 'ஜில்லென்றுதானே இருக்கிறது' என்று நகர்ந்துவிடாதீர்கள். தோலைத்தான் ஊக்கி மூடி வைத்திருக்கிறதே. மலக்குடல் வெப்பமானியை எடுங்கள். அப்படியே பாதத்தை மேல்நோக்கிச் சட்டென்று மடக்கிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் கைக்குள் அது தானாகத் துடித்துக்கொண்டே இருந்தால் செரட்டோனின் அளவு மீறியிருக்கலாம்; அன்று என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று வெளியே நிற்கும் நண்பர்களிடம் போய்க் கேளுங்கள். போலீஸுக்குப் பயந்து முதலில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது முறை தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.